கேசரி குடீரமும் கிருகலட்சுமியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளிவந்த தமிழிதழ்களின் பழைய தொகுப்புகளைப் புரட்டுவோர், கவிதைக்கும் கட்டுரைக்கும் பின்னால் வேறோர் எழுத்து வகையைக் காண்பர். நரம்புத் தளர்ச்சி, தாது நஷ்டம், மேகம், பெரும்பாடு, சூதக வலி என்று வீட்டுத் திண்ணையில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத நோய்களெல்லாம் அங்கே தடித்த எழுத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். இலக்கிய வரலாறு எழுதுவோர் அப்பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவதே வழக்கம். ஆயினும் பின்பக்கத்துக் காசில்லாமல் முன்பக்கத்துக் கவிதை அச்சேறாது என்பதை இதழ் நடத்திக் கைசுட்டுக்கொண்ட எவரும் அறிவர். அப்பின்பக்கங்களின் நாயகர்களுள் ஒருவர் சென்னைக் கேசரி குடீரத்தின் அதிபர் டாக்டர் கே. என். கேசரி. லோத்ரா என்னும் பெண்கள் மருந்தால் செல்வம் சேர்த்து, அச்செல்வத்தில் பெண்களுக்கென ஓர் இதழ் நடத்தி, எழுதும் பெண்களின் கையில் பொற்கங்கணம் அணிவித்தவர். தாய்மொழி தெலுங்கு, வாழ்ந்ததும் வணிகம் செய்ததும் சென்னையில்.

கோட்ட நரசிம்மம் என்பது அவரது இயற்பெயர். 1875ஆம் ஆண்டு ஓங்கோலை அடுத்த இனமனமெள்ளூரு என்னும் சிற்றூரில் பிறந்தார். (ஊர்ப் பெயரின் பின்பாதி மேலூர்க்காரர் செவிக்கு அயலாகத் தோன்றாது.) ஓங்கோல் அந்நாளில் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது, இன்று பிரகாசம் மாவட்டத்தின் தலைநகர். அவர் பிறந்த மறு ஆண்டே தாது வருஷத்துப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நெல்லூரையும் மதுரையையும் ஒருங்கே உலுக்கிய அப்பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்ததே அத்தலைமுறைக் குழந்தைகளின் முதல் வெற்றி. வறுமையில் வளர்ந்த சிறுவன் பதினோராம் வயதில், படிக்க வேண்டும் என்ற ஒரே நினைவோடு, கால்நடையாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தான். ஓங்கோல் வழியாகச் சென்னைக்கு ரயில் ஓடாத காலம் அது. ஏழைக்குக் கடற்கரைச் சாலையே வழி. சிறிது காசுள்ளவனுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய்ப் படகு.

பட்டணத்தில் அவர் பட்ட பாட்டைப் பின்னாளில் தாமே தெலுங்கில் எழுதி வைத்தார். நா சின்னநாட்டி முச்சட்லு, அதாவது என் சின்ன வயதுச் செய்திகள் என்பது அந்நூலின் பெயர். கோடிக்கணக்கில் பொருளீட்டிய வணிகர்கள் வரலாறு எழுதும்போது தம் தொழிலைப் பேசுவது இயல்பு. இவர் தலைப்பிலேயே இளமையைத் தேர்ந்துகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆயுர்வேதம் கற்று, 1900ஆம் ஆண்டு சென்னையில் கேசரி குடீரத்தைத் தொடங்கினார். குடீரம் என்றால் குடிசை. ஆசிரமம், குடீரம், பவனம், நிலையம் என மருந்துச் சாலைகளுக்கு முனிவர் வாசம் வீசும் பெயர்களைச் சூட்டுவது அக்காலத்து மரபு. உள்ளே அச்சுச் சீட்டும் அஞ்சல் முத்திரையும் கணக்குப் புத்தகமும். வாயிலில் வனவாசப் பெயர். பண்டித திவி கோபாலாச்சார்லு இதே சென்னையில் நிறுவிய மருந்துச்சாலைக்கும் ஆயுர்வேதாசிரமம் என்றே பெயர்.

கேசரி கடை விரித்த சந்தை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகக் காணவேண்டும். 1760இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் திசோ, இளைஞர்களின் தனிமைப் பழக்கம் உடலை அழிக்கும் என்று ஒரு நூல் வெளியிட்டார். அவ்வச்சம் ஐரோப்பா முழுதும் பரவி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்று நிலைத்தது. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், நாகரிக வாழ்வின் ஓட்டத்தால் நரம்பின் சக்தி வற்றிப்போகிறது என்று கூறி, நியூராஸ்தீனியா என்னும் சொல்லைப் பரப்பினார். 1889இலோ மொரீசியஸ் தீவில் பிறந்த பிரெஞ்சு உடலியல் அறிஞர் பிரௌன் செக்கார், விலங்கின் விதைச் சாற்றைத் தம் எழுபத்திரண்டாம் வயதில் தமக்கே ஊசி வழி ஏற்றிக்கொண்டு இளமை மீண்டதென அறிவித்தார். மருந்து வணிகர்களுக்கு இவை போதாவா? அறிஞர்களின் ஐயம் கப்பலேறி வருகையில் உறுதியாக மாறிற்று. இங்கே நம் நாட்டில் தாது என்ற பழஞ்சொல் ஆயத்தமாகக் காத்திருந்தது. உணவு ஏழு தாதுக்களாகப் படிப்படியாக மாறி இறுதியில் சுக்கிலமாகிறது என்னும் மரபுக் கொள்கையோடு, நரம்புத் தளர்ச்சி என்னும் புதுச்சொல் கைகோத்தது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், கச்சேரிக் குமாஸ்தா, பட்டணத்துத் தனியறையில் வாழும் இளைஞன் ஆகியோர் எல்லாரையும் அக்கூட்டுச்சொல் அச்சுறுத்தியது.

அச்சுறுத்தியபின் மருந்தைக் காட்டுவது எளிது. ஜாம்நகரத்து மணிசங்கர் கோவிந்தஜியின் ஆதங்க நிக்ரக மாத்திரை விளம்பரம் நுழையாத இந்திய மொழி அரிது. காமசாஸ்திரம் பற்றிய புத்தகத்தை இலவசமாக அனுப்புவதாக அவ்விளம்பரம் கூறும். இலவசத்துக்கு எழுதுகிறவன் தன் முகவரியையும் தன் அச்சத்தையும் ஒருங்கே ஒப்படைத்துவிடுகிறான். பிறகு விலைப்பட்டியல் வீடு தேடி வரும். சீமையிலிருந்து பீச்சம் மாத்திரையும் டாக்டர் வில்லியம்ஸின் இளஞ்சிவப்பு மாத்திரையும் வந்து போட்டியிட்டன.

இவ்வணிகத்தைத் தடுக்கச் சட்டம் இல்லை. சொல்லப்போனால், இருந்த சட்டமே இதற்கு வழி திறந்தது. 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. மேனாட்டு மருத்துவம் பயின்று பதிவேட்டில் இடம்பெற்ற டாக்டர், தம் திறமையைத் தாமே பறைசாற்றுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது. வைத்தியருக்கோ ஹக்கீமுக்கோ அப்பதிவேட்டில் இடமில்லை. ஆகவே அக்கட்டுப்பாடும் இல்லை. பதிவேடு தராத மதிப்பைச் செய்தித்தாள் தந்தது. நாட்டு மருத்துவத்தைப் பற்றி ஆராய முகமது உஸ்மான் தலைமையில் 1921இல் அரசு ஒரு குழு அமைத்து, அதன் பயனாக 1924இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்படும் வரையில், ஒரு வைத்தியருடைய தகுதிக்கு அரசுச் சான்று என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிடைத்ததெல்லாம் நோயாளிகள் எழுதிய நற்சாட்சிப் பத்திரங்களே. அவற்றுள் எது மெய், எது மேசையிலேயே எழுதப்பட்டது என்று யாரால் சொல்ல இயலும்?

ஆடவரின் அச்சத்தைப் பலரும் விற்றுக்கொண்டிருந்த அச்சந்தையில் கேசரி பெண்களின் பக்கம் திரும்பினார். அவருடைய வணிகக் கூர்மை முழுதும் இத்திருப்பத்தில் இருக்கிறது. ஆடவனின் நோய் பெரும்பாலும் கற்பனை; அவனுக்கு வேண்டியது ஒரு நல்ல சொல். பெண்ணின் நோயோ மெய்யானது. சிறு வயதில் மணம், அடுத்தடுத்துப் பேறு, மருத்துவச்சியின் கை, பேறுகாலத்துப் பத்தியம், சோகை. மாதந்தோறும் உதிரம் பெருகி நடைபிணமாகத் திரிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள், கணவனும் அனுப்பமாட்டான். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளிவந்ததே 1912இல்தான். மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் பார்க்கர் போன்ற பெண் டாக்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பணியாற்றினர் எனினும், சுற்றுக் கிராமத்துப் பெண்ணுக்கு மதுரையே தொலைவு. மிஷன் ஆஸ்பத்திரி அதனினும் தொலைவு.

மருந்தின் பெயரையும் நன்கு தேர்ந்தார். லோத்ரம் நம் நாட்டு மருந்துக்கடைகளில் வெள்ளிலோத்திரம் எனப்படும். மலைச்சரிவில் வளரும் சிறுமரம். பட்டை துவர்ப்பு மிக்கது. பெரும்பாட்டுக்கும் வெள்ளைபடுதலுக்கும் அதனைச் சேர்த்துக் காய்ச்சும் முறை ஆயுர்வேத நூல்களில் நெடுங்காலமாக உண்டு. கவிஞர்களுக்கும் அது அயலன்று: காளிதாசனின் மேகதூதத்தில் அளகாபுரிப் பெண்கள் முகத்துக்குப் பூசிக்கொள்வது லோத்ர மலரின் தாதுப்பொடியே. நோயின் பெயரைச் சொல்லாமல் மரத்தின் பெயரைச் சொல்லியே மருந்து கேட்கலாம் என்பது, நாணம் காக்கும் குடும்பத்துக்கு எத்துணை வசதி! கடைக்குப் போகும் சிறுவனிடம்கூட லோத்ரா ஒரு புட்டி என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

புட்டி பட்டணத்திலிருந்து ஊர்களுக்குச் சென்ற வழியும் புதியது. அஞ்சல்வழி விலை செலுத்திப் பொருள் பெறும் வி.பி.பி. முறை 1877இல் இந்தியாவுக்கு வந்தது. அஞ்சலகப் பணவிடை 1880இல். திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்ததோ கேசரி பிறந்த அதே 1875இல். மதுரைக்கு வடகிழக்கே மேலூருக்கு இருப்புப்பாதை இல்லை. எனினும் சாலையும் தபாலும் உண்டு. 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு மேலூர்ப் பக்கத்து நிலங்களில் கால்வாய் நீர் பாய்ந்தபின், அறுவடைக்குப் பின்னராவது கையில் காசு புழங்கும் குடும்பங்கள் பெருகின. பட்டணத்து மருந்து அத்தகைய ஊர்களை நம்பியே ஓடியது. வைத்தியர் முகம் பார்க்க வேண்டா. நாடி கொடுக்க வேண்டா. பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டா. கட்டு வந்ததும் தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும்.

ஆனால் அந்த அந்தரங்கத்துக்குள்ளும் ஓர் ஆண் நின்றான். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆகவே விளம்பரத்தைப் படித்தவன் கணவன் அல்லது மகன்; கடிதம் எழுதியவனும் அவனே. தன் உடம்பில் நிகழ்வதைப் பெண் தன் சொல்லில் சொல்ல முடியவில்லை. அவள் பாதி மறைத்துச் சொன்னதை அவன் மீதி மறைத்து எழுதினான். பெயர் தெரியாத வைத்தியசாலை எழுத்தர் ஒருவர் அதற்கு மருந்து தேர்ந்தார்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்தது. அமெரிக்காவின் லின் நகரில் லிடியா பிங்கம் என்னும் மாது, தம் வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தைப் பெண்களின் நோய்களுக்கென விற்கத் தொடங்கியதும் அதே 1875ஆம் ஆண்டே. புட்டியின்மேல் அவர் முகம். பெண்கள் தம் நோயைத் தமக்கே நேரில் எழுதலாம் என்று விளம்பரம் அழைத்தது. 1883இல் அவர் இறந்தபின்னும் அவ்வழைப்புத் தொடர்ந்தது. 1905இல் ஒரு மகளிர் இதழ் அவர் கல்லறையின் புகைப்படத்தை அச்சிட்ட பின்னரே, இருபது ஆண்டுகளாகக் காலஞ்சென்றவருக்குக் கடிதம் எழுதிவந்ததைப் பலரும் உணர்ந்தனர். கஷாயத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாராயம் இருந்தது வேறு. கேசரியின் முறை அத்தகைய ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. அவர் உயிரோடு இருந்தார்; தம் பெயரில் விற்றார்; மருந்தின் பெயரே மூலிகையைக் காட்டிக்கொடுத்தது.

ஆயினும் அவரை முற்றிலும் விடுவித்துவிடவும் இயலாது. பெரும்பாடு என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் ஒரே அடையாளம். கருப்பைக் கட்டியிலும் உதிரம் பெருகும். குறைப்பேற்றுக்குப் பின்னும் பெருகும். புற்று வைத்தாலும் பெருகும். துவர்ப்புப் பட்டையின் சாறு சிலருக்கு உதவியிருக்கலாம். புற்று வைத்தவளுக்கு அது ஆறு மாதத்தை விழுங்கியிருக்கும். அந்த ஆறு மாதமே அவள் ஆயுள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே புட்டி என்னும் வணிகத்தின் மாறாத குறை இது. வைத்தியர் முகம் பார்க்க வேண்டா என்ற வசதியே, பார்த்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவளைக் கைவிட்டது. குறை கேசரிக்கு மட்டும் உரியதன்று. அஞ்சல்வழி வைத்தியம் முழுமைக்கும் உரியது.

1925இல் கல்கத்தாவில் அஷ்டாங்க ஆயுர்வேத வித்தியாலயத்துக்கு அடிக்கல் நாட்டச் சென்ற காந்தியடிகள், வாழ்த்த வந்த இடத்திலேயே வைத்தியர்களைக் கண்டித்தார். காம உணர்வைத் தூண்டும் மருந்துகளை அவர்கள் கூசாமல் விளம்பரம் செய்வது அவரை வருத்தியது. புண்பட்ட வைத்தியர்கள் மறுப்பு எழுத, அவர் தம் கருத்தில் உறுதியாக நின்று யங் இந்தியாவில் விடையளித்தார். அவர் கண்டித்தது பெரிதும் ஆடவர் மருந்துகளை. பெண்கள் மருந்து அக்கண்டனத்தின் ஓரத்திலேயே நின்றது. அதனை விற்றவர் நற்பெயரோடு உலவ முடிந்தது.

1928இல் கேசரி, கிருகலட்சுமி என்னும் தெலுங்கு மாத இதழைத் தொடங்கினார். தமிழ் வாசகர்கள் இங்கே ஓர் ஒற்றுமையைக் காணலாம். அஞ்சல்வழி வணிகமும் விளம்பர முகவர் தொழிலும் செய்துவந்த எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனைத் தம் கைக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். அதற்கும் முன்பே, 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ், அத்தைலத்தின் வருவாயில் 1908இல் ஆந்திர பத்திரிகையையும் 1924இல் பாரதி இலக்கிய மாத இதழையும் தொடங்கியிருந்தார். தலைவலியும் மாதவிலக்கும் இரு மொழி இலக்கியங்களுக்குப் படியளந்த காலம் என்று அதனைச் சொன்னால் இலக்கியவாணர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் கணக்குப் புத்தகம் அப்படித்தான் சொல்லும்.

கிருகலட்சுமியில் லோத்ராவின் விளம்பரமும் வந்தது. அதில் மறைவு ஒன்றுமில்லை. மருந்து வாங்கிய வீடுகளுக்கே இதழும் போயிற்று. இதழ் போன வீடுகளுக்கு மருந்தும் போயிற்று. இல்லத்தரசி என்னும் பொருள்படும் பெயரையே பழைமைவாதம் என்று இன்று குறை கூறுவோர் உண்டு. பெயர் பழையதாயினும் உள்ளே எழுதியவர்கள் பெண்கள். பாபட்லாவைச் சேர்ந்த கனுபர்த்தி வரலட்சுமம்மா, சாரதா லேகலு என்னும் பகுதியை அவ்விதழில் 1929 முதல் சில ஆண்டுகள் எழுதிவந்தார். சாரதை என்பவள் தன் தோழி கற்பகலதைக்கு எழுதும் கடிதங்கள் அவை. குழந்தை மணம், பெண்கல்வி, கதர், நாட்டு நடப்பு எனத் தெருவில் நடப்பது எல்லாம் அக்கடிதங்களில் பேச்சாயிற்று.

இவ்விடத்தில் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டுப் பெண்ணின் நோயைக் கணவன் கடிதமாக எழுதி அதே சென்னைக்கு அனுப்பினான். இப்போது பெண் ஒருத்தி கடிதம் எழுதுகிறாள். சென்னையில் அச்சாகி அது வேறு பெண்களின் கைக்குப் போகிறது. இடையே ஆண் கை இல்லை. அச்சகச் செலவை ஏற்றது லோத்ராப் புட்டி. பெண்ணின் வாய்திறவாமையை முதலாகக் கொண்ட வணிகம், அவள் வாய் திறக்கும் மேடைக்கும் தானே பலகை அறைந்தது. இம்முரணைக் கேசரி உணர்ந்தே செய்தாரா என்பது வேறு கேள்வி. குடும்பப்பாங்கான நல்ல படிப்பைப் பெண்களுக்குத் தரவேண்டும் என்ற அளவிலேயே அவர் நோக்கம் நின்றிருந்தாலும், எழுதியவர்கள் அந்த அளவில் நின்றுவிடவில்லை.

எழுத்தில் சிறந்த பெண்களுக்குக் கிருகலட்சுமியின் பெயரால் பொற்கங்கணம் அணிவிக்கும் வழக்கத்தையும் கேசரி ஏற்படுத்தினார். 1934இல் அதனைப் பெற்றவர் வரலட்சுமம்மா. பணமுடிப்பு வீட்டில் யார் கைக்குப் போகும் என்பது தெரிந்ததே. கங்கணம் அவள் கையிலேயே கிடக்கும். பார்ப்பவர் கேட்டால் எழுதியதற்குக் கிடைத்தது என்று சொல்லலாம். புலவர்க்குத் தோடாவும் சால்வையும் சமஸ்தானங்கள் அளித்துவந்த மரபை ஒரு மருந்து வணிகர் பெண்கள் பக்கம் திருப்பிய செயலாக இதனைக் கொள்ளலாம். பரிசுகள் மலிந்துவிட்ட இந்நாளில் அதன் எடை சிறிதாகத் தோன்றும். அன்று தமிழில் எழுதிய பெண்களுக்கு இதற்கு நிகரான ஒன்று வாய்த்ததா என்று தேடிப்பார்த்தால் எடை தெரியும்.

1943இல் மயிலாப்பூரில் கேசரியின் கொடையால் தெலுங்குப் பிள்ளைகளுக்கான பள்ளி உருவாயிற்று. தியாகராய நகரிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளி பின்னர் அமைந்தது. படிப்பைத் தேடி நடந்துவந்த சிறுவனுக்கு இது பழைய கடன். 1953இல் அவர் மறைந்தார். மொழிவழி ஆந்திர மாநிலம் பிறந்ததும், சென்னை யாருக்கு என்ற வழக்கு ஓய்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த ஆண்டு, 1954இல், மருந்துகள் மற்றும் மாயப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 1955 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. எவ்வெவற்றுக்கு மருந்து உண்டென விளம்பரம் செய்யலாகாது என அதன் மூன்றாம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: கருச்சிதைவும் கருத்தடையும் முதலில், ஆண் பெண் இன்பத்திறனைப் பெருக்குதல் அடுத்து, பெண்களின் மாதவிலக்குக் கோளாறுகளைச் சரிசெய்தல் அதற்கும் அடுத்து.